எட்டு மணி நேர வேலையை நமக்கு யார் வாங்கித் தந்தார்கள்?



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. 'டைம் மேனேஜ்மென்ட்' வகுப்புக்குப் பணம் கட்டிச் சேரலாமா என்று ஒருவர் கேட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் இன்னொருவர், "நான் ரெண்டு கோர்ஸ் முடிச்சிட்டேன். நேரத்தைத் துண்டு துண்டா வெட்டி அடுக்கக் கத்துக்கிட்டேன். வெட்டுறதுக்குத்தான் நேரம் இல்ல" என்று பதில் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. "சார், நீங்க ஏதாவது சொல்லுங்க" என்று சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எப்படி வந்தது என்பதும் இதில் இருக்கிறது.

நான் வரலாற்று வாத்தியார். பள்ளிக்கூட டைம்டேபிள் போட்டதைத் தவிர, அட்டவணை போடும் வித்தை வேறொன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கத் தெரியும். ஒரு நாளைக்கு வேலை எட்டு மணி நேரம் என்று யார் முடிவு செய்தார்கள்? ஏன் பன்னிரண்டு இல்லை? இருக்கிற நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்று வகுப்புகள் சொல்லித் தருகின்றன. அந்த நேரம் நம் கையில் எப்படி வந்தது என்பதை வரலாறுதான் சொல்ல வேண்டும்.

கடிகாரமும் இயந்திரமும்

நம் முன்னோர்களுக்கு ஒரு நாள் என்பது 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆனால் நாழிகைக் கணக்கில் யாரும் கூலி வாங்கவில்லை. வேலைதான் கணக்கு. நாற்று நட வேண்டுமா, நட்டு முடிக்கும் வரை வேலை. அறுப்புக் காலத்தில் இருட்டும் வரை வேலை. கோடையில் வேலையும் இல்லை, பல வீடுகளில் கஞ்சியும் இல்லை. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பண்ணையாட்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று நமக்குத் தெரியும். ஆனால் 'மணிக்கணக்கில் உழைப்பை விற்பது' என்ற ஏற்பாடு அப்போது பெரிதாக இல்லை.

இங்கிலாந்தில் நீராவி இயந்திரத்தோடு பஞ்சாலைகள் பெருகியபோது இது மாறியது. இயந்திரத்துக்கு முதலாளி பெரும் பணம் போட்டிருக்கிறார். அது ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நட்டம். இயந்திரத்துக்குக் களைப்பு வராது. அதன் பக்கத்தில் நிற்கிற மனிதனுக்குத்தான் வரும். எனவே ஒரு நாளைக்கு 14 மணி நேர வேலை என்பது பல ஆலைகளில் சாதாரணமாகிவிட்டது.

1802-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஆலைகளில் தொழில் பழகும் சிறுவர்களை ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சொன்ன சட்டம் அது. சிறுவர்களுக்கு 12 மணி நேரம் என்பதே அன்று சலுகையாக இருந்தது என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 1833 சட்டம் 9 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரம் 48 மணி நேரம் என்று குறைத்தது. அதைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் நான்கே நான்கு ஆய்வாளர்கள். பெண்களுக்கும் இளவயதினருக்கும் பத்து மணி நேரம் என்று வர 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு, எட்டு மணி நேரம் உறக்கம்' என்ற கணக்கை 1817 வாக்கில் முன்வைத்தவர் ராபர்ட் ஓவன். அவர் தொழிலாளி இல்லை. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்ற இடத்தில் பஞ்சாலை நடத்திய முதலாளி. ஒரு நாளை மூன்று சம பங்காகப் பிரிக்கும் இந்தக் கணக்கு குழந்தைக்கும் புரியும். அதனாலேயே அது நாடு நாடாகப் பரவியது.

உளியைக் கீழே வைத்தவர்கள்

1856 ஏப்ரல் 21. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். பல்கலைக்கழகக் கட்டடத்தில் கல் கொத்திக்கொண்டிருந்த கொத்தர்கள் உளியையும் சுத்தியலையும் கீழே வைத்துவிட்டு ஊர்வலமாக நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி நடந்தார்கள். கோரிக்கை ஒன்றுதான்: எட்டு மணி நேர வேலை, கூலி குறையக் கூடாது. அவர்கள் சொன்ன காரணங்கள் எனக்குப் பிடித்தவை. வெயில் நாட்டில் நாள் முழுக்கக் கல் கொத்த உடம்பு தாங்காது. அது மட்டுமல்ல, படிக்கவும் நாலு விஷயம் தெரிந்துகொள்ளவும் குடும்பத்தோடு இருக்கவும் மனிதனுக்கு நேரம் வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்கள் அன்றே வென்றார்கள். மற்றத் தொழில்களுக்கு அது பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த நகரத்தில் இன்றும் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. அதன் உச்சியில் 888 என்ற மூன்று இலக்கங்கள். மெல்போர்னில் இருக்கும் நம் பிள்ளைகள் போய்ப் பார்த்து ஒரு படம் அனுப்புங்கள்.

அமெரிக்காவில் இவ்வளவு எளிதாக முடியவில்லை. 1886 மே 1 அன்று லட்சக்கணக்கான தொழிலாளர்கள் எட்டு மணி நேரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 3 அன்று சிகாகோவில் ஒரு தொழிற்சாலை வாசலில் போலீஸ் சுட்டது. மறுநாள் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கண்டனக் கூட்டத்தில் யாரோ குண்டு வீசினார்கள். எறிந்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆனால் எட்டுப் பேர் மீது வழக்கு நடந்தது. 1887 நவம்பர் 11 அன்று நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் அதற்கு முன்பே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். மிஞ்சிய மூவரை 1893-இல் இலினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட் விடுவித்தார். விசாரணையே நேர்மையாக நடக்கவில்லை என்று எழுதியே விடுவித்தார். மே தினம் நமக்கு வெறும் லீவு நாள். அதன் பின்னால் இத்தனை இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம்

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. 7 வயது முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 9 மணி நேரம் என்று அது வரம்பு வைத்தது. பெரியவர்களுக்கு வரம்பே இல்லை. இந்தச் சட்டம் வந்ததில் கருணை மட்டும் வேலை செய்யவில்லை. பம்பாய் ஆலைகளின் துணி மலிவாக இருந்ததால் லங்காஷயர் முதலாளிகளுக்கு வயிற்றெரிச்சல். இந்திய ஆலைகளுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று அவர்களும் நெருக்கினார்கள். நல்ல காரியம் பல நேரம் கலப்படக் காரணங்களால்தான் நடக்கிறது. வகுப்பில் நான் அடிக்கடி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

வார விடுமுறைக்காகப் பம்பாயில் பல ஆண்டுகள் போராடியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் தோழர். 1890-இல் பம்பாய் ஆலைகளில் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1891 சட்டத்தில் வார விடுமுறை ஏறியது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 11 மணி நேரம் என்ற வரம்பும் வந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதுவரை ஆலைகளின் வேலை நேரம் சூரியன் உதிப்பது முதல் மறைவது வரை. ஆண்டுக்குச் சராசரியாகப் பார்த்தால் சுமார் 12 மணி நேரம். இருட்டிவிட்டால் நூல் கண்ணுக்குத் தெரியாது, எனவே வீட்டுக்குப் போயாக வேண்டும். பிறகு மின்விளக்கு வந்தது. 1905 வாக்கில் மின்விளக்கு போட்ட பம்பாய் ஆலைகளில் வேலை 14 மணி நேரத்தையும் தாண்டியது. மனிதனுக்கு வசதியாக வந்த பொருள்தான் அது. ஆனால் சூரியன் போட்டிருந்த இயற்கையான எல்லையை அது உடைத்துவிட்டது. நம் வீட்டுக்கு லேப்டாப் வந்த கதையும் ஏறக்குறைய இதுதான். இதற்குப் பிறகு வருகிறேன்.

தூத்துக்குடி, 1908

இப்போது நம் ஊர்க் கதை. தூத்துக்குடி கோரல் மில்லை 'ஏ. அண்டு எஃப். ஹார்வி' என்ற ஆங்கிலேயக் கம்பெனி நடத்தியது. பின்னாளில் மதுரா கோட்ஸ் என்று நாம் அறிந்தது இந்த வழியில் வந்ததுதான். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை வேலை செய்தார்கள். கூலி சொற்பம். வார ஓய்வு கிடையாது.

1908 பிப்ரவரி 23 அன்று வ.உ. சிதம்பரனார் அவர்களிடையே பேசினார். அவர் வக்கீல். சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906-இல் தொடங்கிப் பெயர் பெற்றவர். மில் தொழிலாளிக்காகத் தெருவில் இறங்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நான்கே நாளில், பிப்ரவரி 27 அன்று, வேலைநிறுத்தம் தொடங்கியது. சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார். கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற விடுப்பு வசதிகள் ஆகியவைதான் கோரிக்கைகள்.

ஊரே அவர்கள் பக்கம் நின்றது. வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, விஷயம் தெரிந்ததும் பாதிச் சவரத்தோடு எழுந்து போய்விட்டாராம். இந்தக் கதையை நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிப் பலரும் கேட்டிருப்பீர்கள். மார்ச் 6 அன்று நிர்வாகம் இறங்கி வந்தது. வ.உ.சி. சுமார் ஐம்பது தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பேசினார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

இப்போது ஒரு கேள்வி. வார விடுமுறை 1891 சட்டத்திலேயே இருந்ததே? இருந்தது. ஆனாலும் 17 ஆண்டுகள் கழித்துத் தூத்துக்குடியில் வேலையை நிறுத்தித்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருக்கிற சட்டம் தானாக எழுந்து நடந்து ஆலை வாசலுக்கு வராது.

அதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். வெற்றி கிடைத்த ஒரு வாரத்துக்குள், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 இறுதியில்தான் வெளியே வந்தார். கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்த கதை நாம் படித்ததுதான். ஆனால் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வாங்கிக் கொடுத்த மனிதர்தான் மாட்டுக்குப் பதிலாகச் செக்கைச் சுற்றினார் என்று இரண்டையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்கிறோமே, அந்த உறக்கத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

பெரம்பூரில் ஒரு மதியச் சாப்பாடு

அடுத்த கதை சென்னைப் பெரம்பூர். பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகள். 'பின்னி மில்' என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். ஆலைக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகிய இருவரிடம் தொழிலாளர்கள் வந்து குறைகளைச் சொல்வார்கள். அவற்றில் முக்கியமான ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை. அரை மணி நேரம்தான். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியே வந்து, கை கழுவி, உட்கார்ந்து சாப்பிட்டு, வாசல் மூடுவதற்குள் திரும்ப வேண்டும்.

அந்த இருவரும் சும்மா இருக்கவில்லை. படித்தவர்களைத் தேடிப் போய் உதவி கேட்டார்கள். அன்னி பெசன்ட்டின் தோழர் பி.பி. வாடியா வந்தார். திரு.வி.க. வந்தார். திரு.வி.க. அதற்குச் சற்று முன்புவரை இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழ் ஆசிரியர் என்பதை ஒரு வாத்தியாராக நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று இந்தச் சாப்பாட்டு நேரத்தைச் சில நிமிடம் கூட்ட வேண்டும் என்பது. சில நிமிடம்தானே என்று தோன்றும். வேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியவனுக்குத்தான் அந்த நிமிடங்களின் அருமை தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு கையால் சாப்பிடுகிற நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வாஷிங்டனில் கூடி, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று தன் முதல் உடன்படிக்கையை எழுதியது. ஆனால் இந்தியாவுக்குத் தனிக் கணக்கு: வாரம் 60 மணி. 1922-இல் அதுவே இங்கே சட்டமானது.

1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்றும் திருவல்லிக்கேணியில் ஒன்றுமாக, இரண்டு கூட்டங்கள் நடத்தினார். இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதல் முறை. இன்று மெரினாவில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலை 1959-இல் வந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் புரட்டும் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது.

பிறகு படிப்படியாகக் குறைந்தது. 1934 சட்டத்தில் வாரம் 54 மணி. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1946 திருத்தத்தால் 48 மணி. சுதந்திரத்துக்குப் பின் 1948 தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதி செய்தது. வாரம் 48 மணிக்கு மேல் வேலை இல்லை. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. ஓவர்டைம் என்றால் இரட்டைக் கூலி.

1881-இல் பெரியவர்களுக்கு வரம்பே இல்லாத இடத்திலிருந்து 48 மணிக்கு வர 65 ஆண்டுகள் ஆயின.

குறைந்த நேரம், குறையாத வேலை

"சார், இதெல்லாம் சரி. எட்டு மணி நேரத்தில் வேலை முடியுமா, உற்பத்தி குறையாதா" என்று உங்களில் மேலாளராக இருப்பவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது.

மூக்குக் கண்ணாடிக் கடையில் 'சைஸ்' என்ற லென்ஸ் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் ஜேனா நகரத்தில் அந்த நிறுவனத்தை நடத்திய எர்ன்ஸ்ட் அபே ஓர் இயற்பியல் அறிஞர். 1900-இல் வேலை நேரத்தை 9-லிருந்து 8 மணியாகக் குறைத்துவிட்டு, விஞ்ஞானிக்கே உரிய முறையில் முன்பும் பின்பும் அளந்து பார்த்தார். மொத்த உற்பத்தி குறையவில்லை, சற்றே கூடியது.

1914-இல் ஹென்றி ஃபோர்டு வேலை நேரத்தை 9-லிருந்து 8 ஆக்கி, நாளுக்கு 5 டாலர் வரை ஊதியம் என்று அறிவித்தார். அவர் தர்மவான் இல்லை. முந்தைய ஆண்டில் அவருடைய ஆலையில் ஆட்கள் நிற்கவே இல்லை. ஓர் இடத்துக்கு ஆண்டில் மூன்று நான்கு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வருபவருக்கெல்லாம் வேலை பழக்குவதே நட்டம். நேரம் குறைந்து கூலி கூடியதும் ஆட்கள் நின்றார்கள். 1926-இல் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றார்.

முதல் உலகப் போரில் பிரிட்டனில் குண்டு செய்யும் தொழிற்சாலைகளில் பெண்கள் வாரம் 70 மணிக்கு மேலும் வேலை செய்தார்கள். அன்று எடுத்த கணக்குகளை 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் பென்கவெல் மீண்டும் ஆராய்ந்தார். 70 மணி நேரம் வேலை செய்தபோது கிடைத்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை என்று கண்டார். அதாவது அந்த 14 மணி நேரம் ஏறக்குறைய வீண். உடம்பு அங்கே இருந்தது, வேலை நடக்கவில்லை. மாதாந்திரத் தேர்வுக்கு முந்தின இரவு முழுக்கக் கண் விழித்துப் படித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளாகப் பெரிய கம்பெனித் தலைவர்கள் வாரம் 70 மணி, 90 மணி உழைக்க வேண்டும் என்று பேசுவதைச் செய்தியில் பார்க்கிறோம். வரலாற்று வாத்தியாராக ஒன்று மட்டும் சொல்கிறேன். 1922-இல் வெள்ளைக்காரன் நம் ஆலைத் தொழிலாளிக்குப் போட்ட உச்ச வரம்பே 60 மணிதான்.

இன்றைய மின்விளக்கு

இப்போது லேப்டாப்புக்கு வருகிறேன். ஆலையில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. கோயம்புத்தூர், மதுரை, தூத்துக்குடிப் பக்கம் சங்குச் சத்தத்தைக் கேட்டு உலை வைத்த வீடுகள் உண்டு. இன்று சங்கு இல்லை. போன் எப்போதும் கையில். இரவு பதினொரு மணிக்கு வரும் ஒரு மெசேஜ், சூரியன் மறைந்த பின்னும் எரிந்த அந்தப் பம்பாய் விளக்கின் பேரன்தான்.

இதனால் உடம்புக்கு என்ன ஆகிறது? உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நாற்பது வயதில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட என் மாணவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. இதை எழுதுவதற்கு உண்மையான காரணமே அதுதான்.

கதை முடியவும் இல்லை. ஜவுளிக் கடையில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-இல்தான். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை 12 மணி வரை போக வழி செய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது என்று அரசு விளக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். நான் இங்கே கட்சி பேசவில்லை. தேதியை மட்டும் பாருங்கள். மெல்போர்ன் கொத்தர்கள் உளியைக் கீழே வைத்ததும் அதே ஏப்ரல் 21 தான். 167 ஆண்டுகள் கழித்தும் அதே கேள்வி.

இந்த எட்டு மணி நேரம் எட்டாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரித் தம்பி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பிள்ளைகள். நம் நாட்டில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் இவர்களைப் போன்றவர்கள்தான்.

இன்னொருவர் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அதுவும், செய்கிற ஆண்களின் கணக்கு மட்டும்தான். செய்யாதவர்கள் அந்தச் சராசரியில் வரவே இல்லை. ஓவன் போட்ட மூன்று பங்கில் நடுப்பங்கு, அதாவது 'நம் விருப்பத்துக்கான எட்டு மணி நேரம்', பல வீடுகளில் அம்மாவுக்கும் மனைவிக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

வாத்தியாரின் சில வார்த்தைகள்

அறிவுரை இல்லாமல் முடித்தால் வாத்தியார் என்று நம்ப மாட்டீர்கள். வரலாறு சொல்வதை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று. முதலில் வேலை முடிக்கும் நேரத்தைக் குறியுங்கள், பிறகு வேலையை அடுக்குங்கள். மெல்போர்ன் கொத்தர்கள் எப்படி வேகமாகக் கல் கொத்துவது என்று வகுப்புக்குப் போகவில்லை. எப்போது உளியைக் கீழே வைப்பது என்றுதான் முடிவு செய்தார்கள்.

இரண்டு. வாரத்தில் ஒரு நாளை முழுதாக விடுங்கள். அரை நாள் லேப்டாப், அரை நாள் ஓய்வு என்பது ஓய்வு இல்லை.

மூன்று. மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு சங்கமே பிறந்திருக்கிறது.

நான்கு. உங்களால் முடிக்க முடியாத அளவு வேலை கொடுத்துவிட்டு, "உனக்கு நேரத்தைக் கையாளத் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். 14 மணி நேர வேலையை எந்த அட்டவணையாலும் எட்டு மணி நேரத்தில் அடைக்க முடியாது. வேலையின் அளவைப் பற்றிப் பேசுங்கள். தனியாகப் பேசப் பயமாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து பேசுங்கள். மேலே சொன்ன எந்த வெற்றியும் தனி ஆளுக்குக் கிடைத்ததில்லை. உழைப்பாளர் சிலையிலும் நான்கு பேர்தான் இருக்கிறார்கள்.

ஐந்து. உங்களில் சிலர் இன்று மேலாளர்கள், முதலாளிகள். ஓவனும் அபேயும் முதலாளிகள் பக்கம்தான் இருந்தார்கள். இரவில் அந்த மெசேஜை அனுப்பும் விரல் உங்களுடையதாக இருந்தால், காலை வரை பொறுங்கள்.

ஆறு. ஆண் பிள்ளைகளுக்கு: 97 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாராவது மில்லிலோ உப்பளத்திலோ துறைமுகத்திலோ தேயிலைத் தோட்டத்திலோ வேலை பார்த்திருந்தால், அவர்களுடைய வேலை நேரம் என்ன, லீவு உண்டா, சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விட்டார்கள் என்று கேட்டு இங்கே கமெண்டில் எழுதுங்கள். அந்தத் தலைமுறை நம் கண் முன்னே கரைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் சொல்லாவிட்டால் இது எந்தப் பாடப் புத்தகத்திலும் ஏறாது. நான் எல்லாவற்றையும் படிப்பேன், பதிலும் போடுவேன்.

ஒரே ஒரு நிபந்தனை. இரவு பத்து மணிக்கு மேல் யாரும் எழுத வேண்டாம். தூங்குங்கள், பிள்ளைகளே. அந்த எட்டு மணி நேரத்தையும் போராடித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.